நாலாவது இன்ஜெக்டர்

மலையூரான போருஜேனில் குளிர் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள மெஹ்ராப்புக்கு ரேடியோ வேண்டாம், மீசை போதும். வாசல் இரும்புக் கதவைத் திறந்து முற்றத்துக்கு வந்து நாலு மூச்சு விட்டால் மீசை முள்ளாக நிற்கும். அன்றைக்கு இரண்டாவது மூச்சிலேயே நின்றுவிட்டது. நல்ல நாள் பார்த்துத்தான் வந்து தொலைந்திருக்கிறது இந்தக் குளிர் என்று சொல்லிக்கொண்டே போய் வண்டியை எடுத்தார். கேஸ் நிரப்பும் நிலையம் வரை போய், போன சுருக்கில் திரும்பி வந்துவிட்டார். நிலையத்து வாசலில் குறுக்கே சங்கிலி கிடந்தது. வீட்டு அடுப்புகளுக்கே கேஸ் போதவில்லையாம், குளிர் குறையும்வரை வண்டிகளுக்குக் கிடையாதாம். சங்கிலிக்கு முன்னால் ஊரிலுள்ள மஞ்சள் டாக்சி அத்தனையும் வரிசையில் நின்றது. ஓட்டுநர்கள் ஒரு தகர டப்பாவில் நெருப்பு போட்டுச் சுற்றி நின்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். மெஹ்ராப் அவர்களோடு நிற்கவில்லை. அவருக்கு நிற்க நேரமில்லை.

சிலிண்டரில் மிச்சமிருந்த கேஸ் வீட்டு முற்றத்தோடு தீர்ந்தது. அவர் பதறவில்லை. சுவிட்சைப் பெட்ரோல் பக்கம் தட்டினார். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. ஆபத்துக்கென்று தொடாமல் வைத்திருந்த பெட்ரோல். பதினெட்டு வருஷத்து பேஜோ வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, இருமி, இன்னொரு குலுக்கு குலுக்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி இருமியது.

சமையல்கட்டு ஜன்னல் திறந்தது. அவர் மனைவி பரிசாத் தலையை நீட்டினாள். ஒரு கையில் மாதுளம்பழம், இன்னொரு கையில் கம்பளித் துணி.

"என்னங்க, வண்டி இருமுது?"

"இருமல. தொண்டையச் செருமுது. சூடானா சரியாயிரும்."

"அரை மணி நேரமா செருமிக்கிட்டே இருக்கு. ரெண்டு மணிக்குக் கிளம்பணும், நெனப்பிருக்குல்ல? நாலு மணிக்கு மேல கணவாய்ல போலீஸ்காரன் யாரையும் ஏற விடமாட்டான்."

"எனக்கே கணவாயச் சொல்லித் தரியா. முப்பது வருஷமா அதுல ஏறி எறங்குறேன்."

"நீங்க ஏறுவீங்க. வண்டி ஏறுமா?"

ஜன்னல் மூடியது. பரிசாத் சொன்னதில் தப்பில்லை, அதுதான் அவருக்கு எரிச்சல்.

அன்று ராத்திரி வருஷத்திலேயே நீளமான ராத்திரி. நிச்சயம் ஆன பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் தட்டு கொண்டுபோகிற ராத்திரி. அவர்களுடைய ஒரே மகன் பெஹ்ரூஸ் பக்கத்துக் கிராமத்தில் பள்ளிக்கூட வாத்தியார்; அவனுக்கு இலையுதிர் காலத்தில்தான் கணவாய்க்கு அந்தப் பக்கத்து லோர்தகானில் பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு அப்போதே அரை மனசு. நெல்லும் மாதுளையும் விளைகிற சூட்டுப் பூமியிலிருந்து பெண்ணை இந்த ஐஸ் பெட்டிக்கு அனுப்புவதா என்று நாலு பேர் முன்னால் சொன்னார். முதல் வருஷத்துத் தட்டு போய்ச் சேராவிட்டால், பையன் வீட்டுக்கு மனசு மாறிவிட்டது என்றுதான் அந்த ஊர் பேசும். பனி, கேஸ், வண்டி என்று காரணம் சொன்னால் எவன் கேட்பான்.

பரிசாத் மூன்று மாதமாக இதற்கென்றே வாழ்ந்துகொண்டிருந்தாள். மாதுளைகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்து மினுக்கினாள். வாதுமை, பிஸ்தா, உலர்ந்த அத்தி எல்லாம் அவளே வறுத்தது. சிவப்புச் சால்வை இஸ்பஹானிலிருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தர்பூசணி. செப்டம்பரில் வாங்கிய பழத்தை வைக்கோல் சுற்றி வலையில் போட்டுச் சாமான் அறையில் தொங்கவிட்டு, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோல் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நடுக்குளிரில் தர்பூசணி வெட்டாமல் அந்த ராத்திரி விடியாது.

பெஹ்ரூஸ் இஸ்திரி போட்ட சட்டையோடு முற்றத்துக்கு வந்தான். குளிருக்காகப் பள்ளிக்கூடம் லீவு.

"அப்பா, வேற டாக்சி ஏதாவது பேசிரலாமா?"

"எந்த டாக்சி? எல்லாம் சங்கிலிக்கு முன்னால தவம் கெடக்கு. அப்படியே கெடச்சாலும், முப்பது வருஷமா ஊருக்கே டாக்சி ஓட்டினவன் சொந்த மகனுக்குத் தட்டு கொண்டுபோக வாடகை டாக்சியில போய் எறங்கணுமா? உன் மாமனார் அதச் சொல்லியே என் காலம் முடியறவரைக்கும் சிரிப்பாரு."

"அப்ப மாமாகிட்டப் போங்க."

மெஹ்ராப் பானட்டைத் திறந்து, ஒன்றும் செய்யாமல் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னல் மறுபடி திறந்தது.

"அவன் சொல்றதுதான் சரி. அண்ணன்கிட்டப் போங்க."

பரிசாத்தின் அண்ணன் ஹெய்பத் மெக்கானிக். இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களைக் கழுவுகிற மெஷின் போருஜேனில் அவன் கடையில்தான் இருந்தது. மற்ற கடைகளில் டப்பாவில் மருந்து வாங்கி அடித்துவிட்டுச் சரியாகிவிட்டது என்பார்கள். ஹெய்பத்தும் மெஹ்ராப்பும் ஒரே பள்ளிக்கூடத்தில் உதை வாங்கியவர்கள், ஒரே பட்டாளத்தில் ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள். பெண் கேட்டு வந்தபோது மெஹ்ராப்புக்காக அப்பாவிடம் பேசி முடித்ததே அவன்தான். அப்படிப்பட்டவர்கள் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், வருஷப்பிறப்பு கழிந்து பதிமூன்றாம் நாள், ஊரே வெளியில் போய்ப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாளில் வந்தது வினை. மெஹ்ராப் தம்முடைய சாமர்த்தியத்தைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். கேஸில்தான் ஸ்டார்ட், கேஸில்தான் ஓட்டம், பெட்ரோல் வண்டிக்குக் காட்டுவதே இல்லை என்று. கறி சுட்டுக்கொண்டிருந்த ஹெய்பத் தலையைத் தூக்காமலே சொன்னான்: "அது தப்பு மச்சான். வாரத்துல ஒரு நாளாவது பெட்ரோல்ல ஓட்டு. ஓடாத இன்ஜெக்டர் காஞ்சு அடைச்சிக்கும். ஒரு நாள் பனியில கேஸ் கெடைக்காது, அன்னைக்கு என் கடை வாசல்ல வந்து நிப்பே."

நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. மெஹ்ராப் சொன்னார்: "புது மெஷின் வாங்கியிருக்கே இல்ல, அதான் ஆள் பிடிக்கிறே."

ஹெய்பத் கையிலிருந்த கறிக் கம்பியைத் துணிவிரிப்பில் வைத்துவிட்டு எழுந்து போனான். பாதிக் கறி அப்படியே இருந்தது. அவன் அக்கறையில் சொன்னதை இவர் வியாபாரமாக்கிவிட்டார். இது மெஹ்ராப்புக்கு அன்று ராத்திரியே தெரியும். தெரிந்து என்ன, சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். அதற்குப்பின் பரிசாத் தனியாக அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தாள். பெஹ்ரூஸ் போனால் மாமன் மடியில் வைத்துக் கொஞ்சாத குறைதான். ஆடு பகை, குட்டி உறவு.

நிச்சயத்தன்று பெண்ணின் அம்மா கேட்டுவிட்டாள், பையனுக்குத் தாய்மாமன் இல்லையா என்று. அந்தச் சீமையில் தாய்மாமன் இல்லாமல் பெண் வீட்டு வாசல் மிதித்தால் பாதிக் குடும்பம்தான் வந்திருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு இடுப்புப் பிடிப்பு என்று பரிசாத் பொய் சொன்னாள்.

"இந்தத் தடவ எந்த எடத்துல பிடிப்புன்னு சொல்லட்டும்?" என்றாள் இப்போது ஜன்னலிலிருந்து. "எனக்கு இடமே மிச்சமில்ல."

மெஹ்ராப் பானட்டைச் சாத்திவிட்டு வண்டியில் ஏறினார்.

ஹெய்பத்தின் கடை மாவு மில் தெருவில். மொத்தம் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். வண்டி நாலு சிலிண்டரில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு விக்கி விக்கிப் போயிற்று. தெருவில் பனி வழித்துக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைக்கு இருபது அடி இருக்கும்போது வண்டி, இதற்கு மேல் உன் பாடு என்று நின்றுவிட்டது. மெஹ்ராப் இறங்கினார். கடைக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதில் யாரோ உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைப்பது தெரிந்தது. பிறகு கதவு திறந்தது.

ஹெய்பத் வந்தான். சலாம் இல்லை, ஒன்றும் இல்லை. நேரே வண்டிக்குப் பின்னால் போய்க் கையை ஊன்றித் தள்ளினான். மெஹ்ராப் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கதவோரம் நின்று தள்ளினார். வண்டி கடைக்குள் போய்ச் சேர்ந்தது.

ஹெய்பத் பானட்டைத் தூக்கி நிறுத்தினான்.

"வாம்மா, வா," என்றான் இன்ஜினைப் பார்த்து. "மூணு வருஷமா மாமன் வீட்டுக்கு வழி தெரியலையா?"

மெஹ்ராப் மண்ணெண்ணெய் அடுப்புக்கு முன்னால் போய்க் கையை நீட்டினார். அடுப்பைப் பார்த்துச் சொன்னார்: "வழி தெரியாம இல்ல. வேலை மேல வேலை."

"வேலை செஞ்ச லட்சணந்தான் தெரியுதே. யார்ரா உன்னை இப்படி வச்சிருக்கறது?" இதுவும் இன்ஜினிடம்தான்.

"வச்சிருக்கறவன் நல்லாத்தான் வச்சிருக்கான். குளிருதான் ஜாஸ்தி."

"குளிரு எல்லா வண்டிக்கும்தான்."

இப்படியே கொஞ்ச நேரம் இன்ஜினும் அடுப்பும் பேசிக்கொண்டன. மச்சான்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் கடை சூடாக இருந்தது. அடுப்பின் மேல் தேநீர்க் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. மெஹ்ராப்பின் மீசை கரைந்து சொட்டியது. என்னவோ தெரியவில்லை, இந்த எண்ணெய் நாற்றத்துக்குள் வந்ததும் அவருக்குக் காலையிலிருந்து இருந்த நெஞ்சுக் கனம் குறைந்தது.

ஹெய்பத் டேங்கிலிருந்து குழாய் விட்டு ஒரு போத்தல் பெட்ரோல் இறக்கி வெளிச்சத்தில் பிடித்தான். கடுந்தேநீர் நிறம். மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். அப்போதுதான் முதல் முறையாக மெஹ்ராப்பைப் பார்த்துப் பேசினான்.

"இது எப்ப போட்டது?"

"பெஹ்ரூஸ் பட்டாளத்துலேருந்து திரும்பினானே, கூட்டிவரப் போனப்ப."

"அவன் திரும்பி ரெண்டு வருஷம் ஆச்சு."

"ஆபத்துக்கு இருக்கட்டும்னு தொடாம வச்சிருந்தேன்."

"பெட்ரோல் என்ன ஊறுகாயா, வைக்க வைக்க ருசிக்கறதுக்கு? கதவுக்கு அடிக்கற வார்னிஷ் மாதிரி நாறுது." போத்தலைத் தூர வைத்தான். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"ரெண்டுக்கு. எங்கன்னு தெரியுமா?"

"இன்னைக்குத் தட்டு போற நாளுன்னு எனக்குத் தெரியாதா? பெஹ்ரூஸ் சொன்னான்." அவன் குரலில் கோபம் இல்லை. "ஸ்பேனரை எடு, பத்தாம் நம்பரு."

மெஹ்ராப் எடுத்துக் கொடுத்தார். ஹெய்பத் பெட்ரோல் குழாயின் அழுத்தத்தை இறக்கி, கிளிப்புகளைக் கழற்றி, மின்சார முனைகளைப் பிடுங்கி, நாலு இன்ஜெக்டரையும் குழாயோடு சேர்த்து மெள்ள அசைத்து வெளியே எடுத்தான். துணியில் வரிசையாக வைத்தான். விரல் நீளத்துக்கு ஒவ்வொன்றும். மூக்கு நுனியில் பழுப்புப் பிசின் கட்டியிருந்தது. கறுப்புத் தலையில் சிவப்புப் பொட்டு, முதலாவதில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, நாலு.

அந்தப் பொட்டுகள் பரிசாத்தின் நகப்பூச்சு. வண்டி வாங்கி இரண்டு மூன்று வருஷத்தில் ஹெய்பத் இதே இன்ஜெக்டர்களை, மெஷின் இல்லாத அந்தக் காலத்தில், முதல் தடவை கையாலேயே கழுவியபோது அவளும் கடையில் இருந்தாள். எந்த இன்ஜெக்டர் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்ததோ அதற்கே திரும்பப் போக வேண்டும் என்பது ஹெய்பத்தின் சட்டம். அடையாளம் வைக்கப் பெயின்ட் தேடினான். அவள் கைப்பையிலிருந்து குப்பியை எடுத்துப் பொட்டு வைத்துக் கொடுத்தாள். நாலாவதில் கடைசிப் பொட்டு வைக்கும்போது மெஹ்ராப் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்து, கை ஆடி, அது வால் முளைத்த பொட்டாகிவிட்டது. இன்னும் அந்த வால் இருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள்.

ஹெய்பத் முதலில் மெஷினின் நாலு கண்ணாடிக் குழாய்களுக்கு மேல் அவற்றை மாட்டி ஓட விட்டான். ஒன்று சொட்டியது. ஒன்று கோபக்காரன் மாதிரி ஒரு பக்கமாகத் துப்பியது. மூன்றாவது ஏதோ பெயருக்கு நனைத்தது. நாலாவது வாயே திறக்கவில்லை.

"பாத்தியா," என்றான்.

"பாத்தேன்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்னதை இப்போது சொல்லிக் காட்டுவான் என்று மெஹ்ராப் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். அவன் சொல்லவில்லை. மூக்கு மட்டும் முங்கும்படி நாலையும் மருந்துத் தொட்டியில் நிறுத்தி மெஷினை முடுக்கினான். கொசுக் கூட்டம் போல ஓர் இரைச்சல் எழுந்தது. மூக்குகளிலிருந்து பழுப்பு இழை இழையாகக் கசிந்து மருந்தில் பரவியது.

"கால் மணி கால் மணியா நாலு தடவ போகணும்," என்றான். "அவசரப்பட்டா நாசம். சாப்பிட்டியா?"

"இல்ல. காலைல கேஸ் வாசலுக்குப் போனவன்."

ஹெய்பத் வாணலியை அடுப்பில் வைத்தான். தக்காளியை நறுக்கிப் போட்டுக் குழைய விட்டு அதில் ஐந்து முட்டையை உடைத்து ஊற்றினான். ரொட்டியை அடுப்பு மூடிமேல் போட்டுச் சூடாக்கினான். ஒரே வாணலி, இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு கை. மெஹ்ராப் முதல் துண்டைத் தொட்டு எடுக்கும்போது கொஞ்சம் தயங்கினார். பாதியில் விட்டுப்போன அந்தக் கறி அவர் நினைவுக்கு வந்தது.

"உப்பு போதுமா?" என்றான் ஹெய்பத்.

"இருக்கு."

"உன் வீட்டுக்காரம்மா எங்கே" என்று கேட்கப் போய், தாமே விடை தெரிந்து நிறுத்திக்கொண்டார் மெஹ்ராப். ஹெய்பத்தின் மனைவி இஸ்பஹானில் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். பரிசாத் சொல்லியிருந்தாள். அப்படியானால் ஊரே கூடிச் சிரித்துப் பழம் தின்கிற இந்த ராத்திரி, இவன் தனியாக இந்த வாணலியோடு உட்கார்ந்திருப்பான்.

"பொண்ணு எப்படி?" என்றான் ஹெய்பத்.

"பாக்க நல்லாருக்கா. பேச்சும் நல்லாருக்கு. அவ அப்பன்தான் கொஞ்சம் முறுக்கு."

"பொண்ணக் குடுக்கறவன் முறுக்கத்தான் செய்வான். எங்கப்பா உன்னை எத்தனை தடவ நடக்க வச்சாரு?"

"ஏழு தடவ. ஏழாவது தடவ நாய அவுத்து விட்டாரு."

"நாய நான்தான் அவுத்து விட்டேன்."

"நீயா?"

"அப்பா சொன்னாரு, அவுத்து விட்டேன். ஆனா கயித்தோட விட்டேன்ல?"

மெஹ்ராப்புக்குச் சிரிப்பு வந்து தேநீர் புரையேறியது. ஹெய்பத் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். கொஞ்சம் பலமாகவே தட்டினான்.

மூன்றாம் சுற்று முடிந்து மறுபடி கண்ணாடிக் குழாய்க்கு மேல் மாட்டினார்கள். மூன்று மூக்கும் இப்போது பூம்பனி போலக் கூம்பாக விசிறின. மூன்று குழாயிலும் மருந்து ஒரே அளவுக்கு ஏறியது. நாலாவது அப்போதும் நூல் போலத்தான் விட்டது. மணி பன்னிரண்டே கால்.

"இன்னும் ஒரு தடவ போடறேன்," என்றான் ஹெய்பத். "நீ வீட்டுக்குப் போ. குளி, தட்டெல்லாம் கட்டு. புது பெட்ரோல் நான் ஊத்திக்கறேன். ஒன்றரைக்கு வண்டி உன் வாசல்ல நிக்கும்."

"நாலாவது வாய் தெறக்கலைன்னா?"

ஹெய்பத் கொஞ்சம் யோசித்தான். "என் வண்டில இருக்கறதக் கழட்டிப் போட்டுடறேன். ரெண்டும் ஒரே அளவுதான்."

"அப்ப உன் வண்டி?"

"என் வண்டி எங்க போகப் போகுது. நிக்கட்டும்."

மெஹ்ராப் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார். நீயும் வா என்கிற இரண்டு வார்த்தை நாக்குக்கு வந்துவிட்டது. ஆனால் மூன்று வருஷம் பேசாதவனை, உதவி வாங்குகிற அன்றைக்கே வா என்றால் கூலி கொடுப்பது போல ஆகிவிடாதா என்று நினைத்தார். மறுபடி வியாபாரமா என்று அவன் கேட்டால்? தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

வீட்டில் பரிசாத் தட்டுகளுக்குச் சிவப்பு வலைத்துணி கட்டிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றுமுன் கேட்டாள்.

"கூப்பிட்டீங்களா?"

"நாலாவது இன்ஜெக்டர்ல பேச்சு முடிஞ்சுபோச்சு."

"மூணு மணி நேரம் இருந்திருக்கீங்க."

"நாயப் பத்திப் பேசினோம்."

பரிசாத் முடிச்சை இறுக்கிக் கடித்தாள். "வண்டி கொண்டு வருவான்ல, அப்பக் கூப்பிடுங்க. மூணு தடவ கூப்பிடணும், கேட்டுக்கோங்க. முதல் தடவ வேணாம்பான். ரெண்டாந்தடவயும் வேணாம்பான். அதோட நிறுத்திட்டீங்கன்னா என் அண்ணன் ஆயுசுக்கும் வரமாட்டான். நீங்க அவசரக்காரரு, எப்பவும் ரெண்டோட நிறுத்திருவீங்க."

அது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. முதல் அழைப்பு மரியாதைக்கு, இரண்டாவது வழக்கத்துக்கு, மூன்றாவதுதான் மனசுக்கு. மூன்றாவதுக்கு முன் ஒத்துக்கொள்கிறவன் பசிக்கு அலைகிறவன் என்று சிரிப்பார்கள்.

ஒன்று இருபதுக்கே தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. இருமல் இல்லை, விக்கல் இல்லை. மெஹ்ராப் கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி வெளியே ஓடினார். ஹெய்பத் இறங்கினான். மெஹ்ராப் அவனை மேலும் கீழும் பார்த்தார். முகம் மழமழவென்று வழிக்கப்பட்டு, தாடையில் ஒரு வெட்டுக் காயத்தின் மேல் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. கல்யாணங்களுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டு. பன்னீர் வாசனை.

"நாலாவது?" என்றார்.

"வரல. சொன்னேன்ல, என்னோடதப் போட்டிருக்கேன்." அவன் தெருமுனையைப் பார்த்துச் சொன்னான். "என் வண்டி வாயப் பொளந்துகிட்டு நிக்குது. ஓடு, ஸ்டார்ட் பண்ணிப் பாரு."

"அதுக்கென்ன, சத்தத்துலயே தெரியுது." மெஹ்ராப் தொண்டையைக் கனைத்தார். உள்கதவுக்குப் பின்னால் பரிசாத் நிற்பது தெரிந்தது. கதவிடுக்கு வழியாக ஒரு விரல் நீண்டது. "மச்சான், நீயும் வா."

"நான் எதுக்கு? இடம் பத்தாது. தட்டெல்லாம் இருக்கு."

இரண்டாவது விரல் நீண்டது.

"இடம் இருக்கு. வா."

மெஹ்ராப் மூன்றாவதுக்கு மூச்சைப் பிடித்தார். அந்த மூன்றாவதில்தான் மன்னிப்பையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று குளிக்கும்போதே முடிவு செய்திருந்தார். பதிமூன்றாம் நாள் நான் சொன்னது தப்பு மச்சான் என்று தொடங்கவேண்டும். வாயைத் திறந்தார்.

"சரி, வரேன்," என்றான் ஹெய்பத். "வண்டியும் இல்லாம இங்க உக்காந்து என்ன பண்ணப் போறேன்."

கதவிடுக்கில் மூன்றாவது விரல் பாதியில் நின்றது. மெஹ்ராப்பும் திறந்த வாயோடு நின்றார். ஐம்பது வருஷப் பழக்கத்தில் ஹெய்பத் இரண்டாவது அழைப்புக்கு ஒத்துக்கொண்டு அவர் பார்த்ததே இல்லை.

பரிசாத்தும் பெஹ்ரூஸும் பின்னால் தட்டுகளோடு தட்டாக உட்கார்ந்தார்கள். ஹெய்பத் முன்னால் ஏறிக்கொண்டான். தர்பூசணியை நம்பி எங்கும் வைக்க முடியாது என்று பரிசாத் அதை அண்ணன் மடியில் வைத்தாள். அவன் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான்.

"காக்கிலோ குறைஞ்சா கூட எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்னைப் பாத்தா தர்பூசணி திருடன் மாதிரியா இருக்கு?"

"சின்ன வயசுல இருந்துச்சு."

வழியிலிருந்த கந்தொமான் ஊரைத் தாண்டும்வரை சிரிப்பும் பேச்சுமாகவே போயிற்று. வயல்களைப் பனி மூடியிருந்தது; நீர்நிலையில் உறைந்த நாணலுக்கு மேல் வாத்துகள் பறந்தன. வண்டி பெட்ரோலில் ஓடியது. மெஹ்ராப்புக்கே ஆச்சரியம், இத்தனை இழுவை இதற்குள் இருந்ததா என்று. கேஸில் ஓட்டி ஓட்டி அதை மறந்தே போயிருந்தார். இதை வாய்விட்டு ஒத்துக்கொள்ள மட்டும் மனசு வரவில்லை.

ஹெய்பத் தொழில் பழக்கத்தில் சொன்னான்: "கணவாய் உச்சில நிறுத்தி பானட்டத் தூக்கிப் பாரு. புது ரப்பர் வளையம் போட்டிருக்கேன், பெட்ரோல் கசியுதான்னு ஒரு தடவ பாத்துக்கறது நல்லது." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் சூட்டில் சொக்கி, தர்பூசணிமேல் தாடையை வைத்துத் தூங்கிப்போனான். காலையிலிருந்து குனிந்து நின்றவன்.

மூன்றே கால் மணிக்கு உச்சிக்கு வந்தார்கள். போலீஸ்காரன் கையசைத்து விட்டுவிட்டான். வெயில் இன்னும் மலைமேல் இருந்தது. கீழே லோர்தகான் பக்கத்துச் சரிவில் பனி இல்லை, கருவாலி மரங்கள் தெரிந்தன. மெஹ்ராப் ஓரமாக நிறுத்தி, அவனை எழுப்பாமல் இறங்கிப் பானட்டைத் தூக்கினார்.

கசிவு இல்லை. விரலை வைத்து மோந்தும் பார்த்தார். ஒவ்வொரு வளையமாகத் தொட்டுக்கொண்டே போனார். ஒரு பொட்டு. இரண்டு பொட்டு. மூன்று பொட்டு. நாலாவதில் விரல் நின்றது.

நாலு பொட்டு இருந்தது. கடைசிப் பொட்டுக்கு வால் இருந்தது.

ஒரு நிமிஷம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. நாலாவதும் வாய் திறந்துவிட்டது. ஹெய்பத்தின் வண்டியில் எதையும் யாரும் கழற்றவில்லை. அது கடைக்குப் பின்னால் நாலு இன்ஜெக்டரோடும் நன்றாகத்தான் நிற்கிறது. என்னைச் சுத்திவிட்டானே என்று முதலில் சுருக்கென்றது. அடுத்த மூச்சில் அந்த வழித்த தாடையும் காகிதத் துணுக்கும் ஞாபகத்துக்கு வந்தன. இவர் இரண்டோடு நிறுத்திவிடுவார் என்று அவனும் பயந்திருக்கிறான். மூன்றாவது அழைப்பு வருமோ வராதோ என்று நம்பாமல் ஒரு பொய்யைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். மெஹ்ராப்புக்குக் கண் கரித்தது. மூன்று வருஷத்தை வீணாக்கியது தாம்தான் என்று அந்தக் குளிரில் நின்று மனசார ஒத்துக்கொண்டார்.

கதவு படாரென்று திறந்தது. ஹெய்பத் தர்பூசணியை இடுப்பில் இடுக்கியபடியே பனியில் வழுக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"நீ ஏன் எறங்கினே? எழுப்ப வேண்டியதுதானே? நான் பாக்க மாட்டேனா? சாத்து, சாத்து, குளிரு உள்ள போகும்."

"பாத்துட்டேன். கசிவு இல்ல."

ஹெய்பத் இன்ஜினைப் பார்த்தான். பொட்டுகளைப் பார்த்தான். பிறகு மெஹ்ராப்பின் முகத்தைப் பார்க்காமல் தர்பூசணியின் வலையைச் சரி செய்தான்.

"அந்த நாலாவது," என்றான், "அது என் வண்டியோடது, அதுக்கு இது புது எடம். பழக நாளாகும்."

"பழகிருச்சு," என்றார் மெஹ்ராப். "நாலுலயும் அதுதான் நல்லா ஓடுது, மச்சான்."

ஹெய்பத் நிமிர்ந்தான். காது மடல் சிவந்திருந்தது, அது குளிராகவும் இருக்கலாம். "திரும்பினதும் கழட்டி எடுத்துக்கறேன்."

"எதுக்கு? வசந்தத்துல கல்யாணம். அது வரைக்கும் இங்கேயே இருக்கட்டும். நீ எங்க போகணும்னாலும் நான் வந்து கூட்டிட்டுப் போறேன். பெட்ரோல்லயே வரேன்."

"தெனமும் பெட்ரோல் வேணாம்," என்றான் ஹெய்பத். "வாரத்துல ஒரு நாள் போதும்னு சொன்னேன்."

"நீ சொன்னே. நான்தான் கேக்கல. தப்பா வேற பேசிட்டேன்."

ஹெய்பத் தர்பூசணியை ஒரு கைக்கு மாற்றி, மறு கையால் பானட்டைச் சாத்தி, அது பூட்டியதா என்று ஒரு தரம் அழுத்திப் பார்த்தான்.

பின் கண்ணாடியை இறக்கி பரிசாத் தலையை நீட்டினாள். "ஏங்க, என்ன ஆச்சு? ஏதாவது போயிருச்சா?"

"ஒண்ணும் போகல," என்றார் மெஹ்ராப். "எல்லாம் அதது எடத்துல இருக்கு."